மூளைக்காய்ச்சல்: வீட்டுல பார்த்தவங்க எழுதுங்க

கோபிக்காரர்:
2009. தங்கச்சி பையனுக்கு ஆறு மாசம். காய்ச்சல், பால் குடிக்கல, தூக்குனா வீல்னு கத்துறான். அம்முச்சி உச்சிக்குழியைத் தடவிப் பார்த்து, "குழி மேடாட்டம் எந்திரிச்சு நிக்குது சாமி, வண்டிய எடு"ன்னாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்குது. ராத்திரியே முதுகுல நீர் எடுத்துச் சோதிச்சாங்க, ஹிப்ங்கற பாக்டீரியாக் கிருமின்னு தெரிஞ்சுது. பையன் தேறிட்டான். இப்பத்தான் அதுக்குத் தடுப்பூசி வந்துருச்சே, இனிப் பயமில்லீங்க.

சோமனூர் அம்மிணி:
பயமில்லைன்னு எப்படீங்க சொல்றீங்க? எம்பொண்ணுக்கு 2018ல நியுமோகாக்கஸ்ங்கற இன்னொரு பாக்டீரியாவால மூளைக்காய்ச்சல். அப்ப அந்த ஊசி காசு குடுத்தாத்தான். பக்கத்து ஷெட்டுல தறிச் சத்தத்துலயே தூங்குவா, கரண்ட் போய்த் தறி நின்னாத்தான் முழிச்சு அழுவா. ஆஸ்பத்திரில இருந்து வந்த அன்னிக்குக் கரண்ட் போச்சு. அவ அசையவே இல்ல. காதைச் சோதிக்கோணும்னு யாரும் எங்ககிட்டச் சொல்லலீங்க.

காங்கேயம் பக்கம், கிராம செவிலியர்:
மில்லு குவார்ட்டர்ஸ்ல ஒரு ஒடிசாக் குடும்பம். குழந்தையோட தடுப்பூசி அட்டையில ஒரே ஊசி, அடுத்ததுக்குள்ள ஊர் மாறிட்டாங்க. குழந்தையைச் சேர்க்கறதுக்கு முந்தியே ரெண்டு இடத்துல ஆன்டிபயாட்டிக் குடுத்திருந்ததால கல்ச்சர்ல, அதாவது கிருமியை வளர்த்துப் பாக்கற சோதனையில, எதுவும் வளரல. என்ன கிருமின்னு கடைசி வரைக்கும் தெரியல. அது என்னைய விடமாட்டேங்குது.

கோபி அண்ணா, ஊசி வந்தது நெசம். ஹிப்பையும் சேர்த்து அஞ்சு நோயைத் தடுக்கற பெண்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பர்ல நம்ம தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான் மொதல்ல வந்துச்சு. குழந்தைக்கு 6, 10, 14 வாரத்துல போடுவாங்க. நியுமோகாக்கல் ஊசி இங்க 2021லதான் இலவசமாச்சு. 6, 14 வாரம், அப்புறம் 9 மாசம். மூளைக்காய்ச்சல் தர்ற இன்னொரு பாக்டீரியா மெனிங்கோகாக்கஸ், அதுக்கான ஊசி அரசு அட்டவணையில இன்னும் இல்ல, ஹஜ் போறவங்களுக்குப் போடறாங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி வேற, அது வைரஸுக்கு. அதைப் போட்டாச்சுன்னு இந்தப் பாக்டீரியா ஊசிகளை விட்றாதீங்க.

வேலூர் சி.எம்.சி.யை மையமா வச்சு 2012ல இருந்து பல ஆஸ்பத்திரிகள்ல முதுகுல எடுக்கற தண்டுநீரைச் சோதிச்சு, எந்தக் கிருமி எத்தனை பேருக்குன்னு பார்த்திருக்காங்க. ஊசி வேலை செய்யுதா, எந்த வகை மிச்சமிருக்குதுன்னு அதுலதான் தெரியும். அதனால முதுகுல நீர் எடுக்கோணும்னா தடுக்காதீங்க, கை கால் விழுந்துரும்னு பயப்படாதீங்க. நீர் எடுக்க நேரமாகும்னா டாக்டர் மருந்தை முந்திப் போடுவாங்க, அதுவும் சரிதான்.

சோமனூர்க்கா, இந்த நோய்க்கப்புறம் சில பேருக்கு உள்காது எலும்பா இறுகிரலாம், அப்புறம் காது கேக்கறதுக்காக உள்காதுல வைக்கற காக்ளியர் கருவியை வைக்கறது சிரமம். அதனால டிஸ்சார்ஜ் ஆகறப்பவே காதுப் பரிசோதனை கேட்டு வாங்கோணும். ஆறு வயசுக்குள்ள முதலமைச்சர் காப்பீட்டுலயே கருவி வைக்கலாம்.

ஊசி விட்டுப்போனவங்க புதன்கிழமை அட்டையோட வாங்க. பெண்டாவேலன்ட் முதல் ஊசி ஒரு வயசுக்குள்ள போட்டிருந்தா, மிச்சத்தை அப்புறமும் போட்டு முடிக்கலாமுங்க.