டெர்மினல் சொல்லும் பதிப்பு வேறு, பைத்தான் பார்க்கும் பதிப்பு வேறு

பைத்தானோடு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு வாடிக்கையாளரின் உபுண்டு 20.04 சர்வரில் எங்கள் புரோகிராமை ஏற்றினோம். லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது, அங்கே முதல் இன்சர்ட்டிலேயே ‘ரிட்டர்னிங்’ பக்கத்தில் சின்டாக்ஸ் எரர் என்று நின்றுவிட்டது. சேர்த்த பதிவை அப்போதே திருப்பிக் கொடுக்கும் இந்த ரிட்டர்னிங் எஸ்க்யூலைட்டில் வந்ததே 2021 மார்ச்சில், 3.35 பதிப்பில்தான். சரி, பதிப்பு பழசாக இருக்கும் என்று அவர்களுடைய அட்மினிடம் கேட்டோம். அவர் டெர்மினலில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அதில் 3.40-க்கும் மேல்!

அப்புறம் அதே சர்வரில் பைத்தானைத் திறந்து, எஸ்க்யூலைட்3 மாட்யூலின் ‘எஸ்க்யூலைட்_வெர்ஷன்’ என்ன என்று அச்சிடச் சொன்னோம். வந்தது 3.31.1. உபுண்டு 20.04 தன்னோடு கொண்டுவரும் பதிப்பு அதுதான். யாரோ புதிய கமாண்ட் கருவியை மட்டும் டவுன்லோட் செய்து போட்டிருக்கிறார்கள். அந்தக் கருவிக்குள்ளேயே எஸ்க்யூலைட் முழுதாக இருக்கிறது. பைத்தான் அதைத் தொடுவதே இல்லை, சிஸ்டத்தில் இருக்கும் லைப்ரரி கோப்பைத்தான் ஏற்றுகிறது. பைத்தானின் எஸ்க்யூலைட் நீட்சிக் கோப்பின் மீது, எந்தெந்த லைப்ரரியை ஏற்றுகிறது என்று காட்டும் ‘எல்டிடி’ கமாண்டை ஓட்டினால் எந்தக் கோப்பு என்று பாதையோடு தெரிந்துவிடும்.

இன்னொன்று. அதே மாட்யூலில் வெறும் ‘வெர்ஷன்’ என்றும் ஒன்று இருந்தது. அது எப்போதும் 2.6.0 என்றே சொல்லும். அது பைத்தான் மாட்யூலின் பழைய எண், எஸ்க்யூலைட்டின் பதிப்பு இல்லை. பைத்தான் 3.12-இல் அதைக் கைவிடப்போவதாக அறிவித்து, 3.14-இல் எடுத்தே விட்டார்கள். நல்ல காரியம். அந்த எண்ணைப் பார்த்து எத்தனை பேர் குழம்பினார்களோ.

*

மேலே எழுதியவருக்கு நன்றி. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸிலும் இதே கதைதான், எங்கள் அனுபவம் இது.

போஸ்ட்கிரஸ் சர்வரை 14-ஆம் பதிப்புக்கு மாற்றினோம். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பயனருக்குப் பாஸ்வேர்டு மாற்றியதும் ஒரே ஒரு பழைய சென்ட்ஓஎஸ் 7 மெஷின் மட்டும் உள்ளே நுழைய முடியாமல் தவித்தது. ஸ்க்ராம் (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் புதிய முறை) வேண்டுமென்றால் லிப்பிக்யூ (போஸ்ட்கிரஸ் சர்வரோடு பேசும் லைப்ரரி) 10 அல்லது அதற்கு மேல் தேவை என்று எரர். பதினாலில் அமைப்பை நாமே மாற்றாவிட்டால் புதிதாக வைக்கும் பாஸ்வேர்டு ஸ்க்ராம் முறையில்தான் சேமிக்கப்படும், பழையவை முந்தைய எம்டி5 முறையிலேயே இருக்கும். அதனால்தான் மாற்றும்வரை எதுவும் தெரியவில்லை.

அந்த மெஷினில் போஸ்ட்கிரஸின் பிஎஸ்க்யூஎல் கமாண்ட் அதே பாஸ்வேர்டோடு நுழைந்தது, ஏனென்றால் அது தனியாக நிறுவிய புதிய பதிப்பு. ஆனால் பைத்தானிலிருந்து போஸ்ட்கிரஸோடு பேச உதவும் சைகோபிஜி2-இன் எக்ஸ்டென்ஷன்ஸில் ‘லிப்பிக்யூ_வெர்ஷன்’ என்ற ஃபங்ஷனை அழைத்தால் 90224 என்றது. இதை 9.2.24 என்று படிக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் கணக்கு மாறும்: 140005 என்றால் 14.5. சர்வரின் பதிப்பு வேண்டுமானால் கனெக்‌ஷனிடம் ‘சர்வர்_வெர்ஷன்’ கேட்கலாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முன்னும் பின்னும் இரண்டிரண்டு கீழ்க்கோட்டோடு ‘லிப்பிக்யூ_வெர்ஷன்’ என்று இன்னொன்றும் சைகோபிஜி2 மாட்யூலில் நேரடியாகவே உண்டு. அது சைகோபிஜி2-ஐக் கம்பைல் செய்தபோது இருந்த பதிப்பு. ஓடும்போது ஏற்றியிருப்பதைச் சொல்வது ஃபங்ஷன்தான், அதையே நம்புங்கள்.

*

மேலே எஸ்க்யூலைட் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் எங்கள் புரோகிராமில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்: ஆரம்பிக்கும்போதே ‘செலக்ட் எஸ்க்யூலைட்_வெர்ஷன்’ ஓட்டி லாகில் எழுதுகிறது. 3.35-க்குக் கீழே இருந்தால் அங்கேயே நின்றுவிடும். பதிப்பு எண்ணோடு, எந்த வசதிகளைச் சேர்த்துக் கம்பைல் செய்தார்கள் என்று ‘பிராக்மா கம்பைல்_ஆப்ஷன்ஸ்’ கொடுக்கும் பட்டியலையும் எழுதி வையுங்கள். 3.38-க்கு முன்னால் ஜேசன் வடிவத் தரவைக் கையாளும் ஃபங்ஷன்கள் தானாக வராது, கம்பைல் செய்தவர் சேர்த்திருந்தால்தான் உண்டு. பதிப்பு ஒன்றாக இருந்தும் ஒரு மெஷினில் ஓடி இன்னொன்றில் ஓடாததற்கு எங்களுக்கு அதுதான் காரணமாக இருந்தது.