பாலாற்றுப் பக்கம் கீழாநெல்லி பறிக்கலாமா?

கரையோரம்: ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் (குரோமிய உப்பு) ஆலையைச் சுற்றி ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்திருக்கிறது, மழை பெய்தால் ஓடையில் மஞ்சளாகத் தண்ணீர் ஓடும். அந்த ஓடைக்கரைக் கீழாநெல்லியைப் பறித்து நாட்டு மருந்துக் கடைக்குப் போடுகிறார்கள். இதை அடியோடு நிறுத்த வேண்டும்.

வைத்தியர்வீடு: அவசரப்படாதீங்க. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலைக்கு ஏறுவது கொஞ்சம்தான். உதாரணத்துக்கு, கரிசலாங்கண்ணியில் நாம் எடுப்பது இலையை. கடைக்கும் ஆய்வுச் சான்றோடுதான் சரக்கு வருகிறது, பயம் காட்டினால் பறித்துப் பிழைப்பவர்கள் வயிற்றில்தான் அடி விழும்.

மண்வாசி: ஐயா, கரிசலாங்கண்ணிக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் கீழாநெல்லியைச் சமூலமாக, வேரோடு பிடுங்கித்தானே இடிக்கிறோம்? காட்மியம் இலைக்கே சுலபமாக ஏறிவிடும், அதுவும் அமிலத்தன்மை உள்ள மண்ணில் இன்னும் அதிகம். அப்புறம் அந்தச் சான்று. மூலிகை மருந்துக்கு வழக்கமாகப் பார்ப்பது நாலே உலோகம்: காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. குரோமியத்துக்கு அதில் வரம்பே கிடையாது. ராணிப்பேட்டைச் செடிக்கு எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காமலே பாஸ் போட்டுவிடலாம்!

வைத்தியர்வீடு: அந்த வரம்பு விஷயம் நியாயம், குரோமியத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கஷாயத்தில் உலோகம் முழுவதும் இறங்காது.

மண்வாசி: சூரணத்தில் மொத்தமும் வயிற்றுக்குள் போகுமே. மஞ்சள் காமாலைக்காரர் ஈரல் கெட்டுப்போய்த்தான் இதைத் தேடி வருகிறார், அவருக்குப் போய் இதைக் கொடுக்கலாமா?

ஆடுமாடு: மூலிகையை விடுங்கள். கோடையில் எங்கள் பக்கம் பச்சை தெரிவதே அந்த ஓடை ஓரத்தில்தான். மாட்டை எங்கே ஓட்டுவது? பாலில் விஷம் என்று நாளைக்கு எழுதிவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள்.

மண்வாசி: அண்ணே, பாலுக்குப் போவது குறைவு, ஈரலிலும் குண்டிக்காயிலும்தான் அதிகம் தங்கும். கட்டையாக மேயும்போது வேரும் மண்ணும் சேர்ந்தே உள்ளே போகிறது, உலோகம் இருப்பதே அந்த மண்ணில்தான். மேய விடாமல், உயரமாக அறுத்து அலசிப் போட்டால் பெரும்பகுதி குறையும்.

ஆடுமாடு: அலச அதே தண்ணீரா?

கரையோரம்: அதனால்தான் சொல்கிறேன், முதலில் அந்தக் குப்பையை அள்ளட்டும். அதுவரை ஓடைப் பக்கம் மாட்டையும் விடக் கூடாது, வேறு இடத்தில் தீவனம் கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பு.