ஃபயர்வால் காரிலும் உண்டா?

கேள்வி: ஃபயர்வாலில் ரப்பர் கிழிந்திருக்கிறது, அதனால்தான் இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கிறது என்கிறார் மெக்கானிக். கணினி ஃபயர்வாலுக்கும் இதற்கும் என்ன உறவு?

பதில் 1: முதலில் அது கட்டடச் சொல். ஒரு பகுதியில் பிடித்த தீ அடுத்த பகுதிக்குத் தாவாமல் தடுக்கும் சுவர். காரில் இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள தகடு அது. ஸ்டீயரிங் தண்டு, ஒயர்கள் எல்லாம் அதைத் துளைத்துத்தான் உள்ளே வருகின்றன. துளையை அடைக்கும் ரப்பர் போனால் சத்தம் மட்டுமல்ல, புகையும் வரும். சீக்கிரம் மாற்றிவிடுங்கள்.

பதில் 2: கணினியில் அது வாசல் காவலாளி மாதிரி. வரும் தகவல் எங்கிருந்து, எந்தப் போர்ட்டுக்கு (தகவல் நுழையும் எண்ணிட்ட வாசல்) என்று பார்த்துத்தான் உள்ளே விடும். விண்டோஸ் எக்ஸ்பியில் 2004-இல் சர்வீஸ் பேக் 2 என்ற மேம்படுத்தல் வந்தபோதுதான் அது தானாகவே இயங்கத் தொடங்கியது.

பதில் 3: விமானத்தை விட்டுவிட்டீர்களே! த்ராட்டிலை (இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலை) முழுக்க முன்னால் தள்ளுவதையும் விமானிகள் இதே சொல்லால்தான் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு.