பிட்காயின்ல ஒரே டிரான்ஸாக்ஷன் ஐடி ரெண்டு தடவை, எப்படி செக் பண்றது?

வணக்கம் மக்களே, கத்துக்கிறதுக்காக பிட்காயின் பிளாக்கை சரிபார்க்கிற சின்ன புரோகிராம் ஒன்னு எழுதிட்டு இருக்கேன், 91,842வது பிளாக்ல வந்து மாட்டிக்கிட்டேன். அதோட காயின்பேஸ் (மைனருக்கு புது பிட்காயின் குடுக்கிற, பிளாக்கோட முதல் டிரான்ஸாக்ஷன்) ஐடியும் 91,812ல இருக்கிறதும் அச்சு அசலா ஒன்னு! 91,880க்கும் 91,722க்கும் இதே கதைதான். 2010ல நடந்தது, பழசு மேல புதுசு ஏறி ஜோடிக்கு 50 பிட்காயின் இனி யாருமே செலவு பண்ண முடியாதுன்னு தெரிஞ்சப்போ மனசே கேக்கல.

முழுசா செலவாகாத டிரான்ஸாக்ஷனோட ஐடி திரும்ப வரக்கூடாதுங்கற பிப் 30 (BIP, பிட்காயின் விதியை மாத்துறதுக்கான முன்மொழிவு) புரியுது, 91,842, 91,880 ரெண்டு பிளாக்குக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டேன். அப்புறம் பிப் 34 வந்து காயின்பேஸ்ல பிளாக் எண்ணை போட சொல்லிடுச்சு, அதனால ஐடி திரும்ப வராதுன்னு 227,931வது பிளாக்ல இருந்து அந்த பிப் 30 செக் வேணாம்னு எடுத்துட்டேன், வேகமும் நல்லா கூடுச்சு. ஆனா பிட்காயின் கோர் (பிட்காயினோட முக்கிய சாஃப்ட்வேர்) கோட்ல 1,983,702வது பிளாக்ல அந்த செக் மறுபடி ஆன் ஆகுது, பழைய காயின்பேஸ் சிலதுல தற்செயலா பின்னால வர்ற பிளாக் எண் மாதிரியே பைட் இருக்கிறதால.

என் சந்தேகம் இதுதான்: ரீஆர்க் (செயினோட கடைசி பிளாக்குகளை கழட்டிட்டு வேற பிளாக்குகளை சேர்க்கிறது) வந்து 91,842ஐ கழட்டினா 91,812ஓட அவுட்புட்டை (அந்த 50 பிட்காயினை) திரும்ப வைக்கணுமா, இல்ல போனது போனதுதானா? இதுக்கு டெஸ்ட் எழுதினவங்க யாராச்சும் இருந்தா எப்படி பண்ணீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ், மூணு நாளா இதுலயே நிக்கிறேன்.