ஒரே பெயர், வேறு ஆள்: மில்கா சிங் முதல் பன்னீர்செல்வம் வரை

பழைய ஸ்கோர்புக்:

பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஆள் மாறிப்போகிற கேஸ்களை இந்த இழையில் போடுங்கள். எதனால் மாறுகிறது, எதைப் பார்த்தால் பிரிக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம். முதல் கேஸ், மில்கா சிங்.

1960ஆம் வருஷத்து விளையாட்டுப் பக்கத்தில் ‘மில்கா’ என்று வந்தால் இரண்டு பேரில் யாராகவும் இருக்கலாம். ஒருவர் ஓட்டக்காரர்: செப்டம்பர் 6, ரோம் ஒலிம்பிக், 400 மீட்டர் இறுதிப் போட்டி, நான்காவது இடம். இன்னொருவர் சென்னைக்காரர் ஏ.ஜி. மில்கா சிங், இடது கை பேட்ஸ்மேன். அதே வருஷம் ஜனவரியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சென்னையில் முதல் டெஸ்ட் ஆடியவர். மொத்தம் 4 டெஸ்ட்தான். அந்த மேட்ச் சேப்பாக்கத்தில் நடந்ததாக எழுதிவிடாதீர்கள். அப்போதெல்லாம் சென்னை டெஸ்ட் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில்தான்.

பிரிக்கும் வழி ஏ.ஜி. என்ற இனிஷியல். ஆனால் அது நம் ஊர் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்து அல்ல. அப்பா ஏ.ஜி. ராம் சிங், அண்ணன் ஏ.ஜி. கிருபால் சிங், தம்பி ஏ.ஜி. மில்கா சிங் என்று குடும்பத்துக்கே ஒரே இனிஷியல். ஆகவே ‘ஏ.ஜி. சிங்’ என்று யாராவது சுருக்கினால் அப்பாவா பிள்ளையா என்பதே தெரியாமல் போகும். 1955இல் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டிலேயே சதம் அடித்தது கிருபால். அதை மில்கா கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

ஓட்டக்கார மில்காவின் ரோம் நேரம் சில இடங்களில் 45.6 என்றும் சில இடங்களில் 45.73 என்றும் இருக்கும். முன்னது கையால் எடுத்தது, பின்னது மின்கருவி. ஓட்டம் ஒன்றுதான்.

ஸ்டிக் சைட்:

மில்காவுக்கு இரண்டு பேர் என்றால் ஹாக்கியில் பல்பீர் சிங்குக்கு ஒரு வரிசையே இருக்கிறது.

பல்பீர் சிங் சீனியர் எல்லோருக்கும் தெரிந்தவர். 1948, 1952, 1956 ஒலிம்பிக் மூன்றிலும் தங்கம். ஹெல்சிங்கி இறுதியில் நெதர்லாந்தை 6-1 என வென்றபோது அதில் 5 கோல் அவருடையது. பல்பீர் சிங் ஜூனியர் அவருடைய மகன் அல்ல, உறவும் அல்ல. இந்த ஜூனியர், சீனியர் என்பது முன்னவர், பின்னவர் என்று அடையாளம் வைக்க ஒட்டியது, அவ்வளவுதான். ஜூனியர் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர். அடுத்து 1968 மெக்சிகோ. வெண்கலம் வாங்கிய அந்த ஒரே அணியில் மூன்று பல்பீர் சிங்! பஞ்சாப், ரயில்வே, சர்வீசஸ் (ராணுவ அணி) என்று அவரவர் ஆடிய அணியின் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். குலப்பெயரைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், அந்த மூவரில் இரண்டு பேர் குல்லர்.

இரங்கல் குறிப்புகளைப் பார்க்கிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 1968 அணியின் பல்பீர் சிங் குல்லர் 2020 பிப்ரவரியில் காலமானார். சீனியர் அதே வருஷம் மே 25. ஜூனியர் 2021 ஏப்ரல். பதினான்கு மாதத்துக்குள் மூன்று பேர். படமும் பதக்கக் கணக்கும் இடம் மாற இதைவிட வசதியான சூழ்நிலை வேண்டியதில்லை. முதலில் ஒலிம்பிக் வருஷத்தைப் பாருங்கள், அது பெரும்பாலும் காப்பாற்றும். பிறந்த தேதியை மட்டும் பிடித்துக்கொள்ள முடியாது. சீனியருக்கே 1923 டிசம்பர் 31, 1924 அக்டோபர் 10 என்று இரண்டு தேதிகள் அச்சில் உலவுகின்றன.

உத்தம் சிங் கேஸ் வேறு மாதிரி. லண்டன் காக்ஸ்டன் ஹாலில், ஜாலியன்வாலா பாக் படுகொலைக் காலத்துப் பஞ்சாப் லெப்டினன்ட் கவர்னர் ஓ’டயரைச் சுட்டு 1940இல் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் ஒருவர். 1952, 1956, 1964 தங்கமும் 1960 வெள்ளியும் வாங்கிய சன்சார்பூர் ஹாக்கி வீரர் இன்னொருவர். காலம் இவ்வளவு தள்ளியிருந்தும் குழப்பம் வருகிறதென்றால், சிலை, சாலை, மைதானம் என்று பெயர் வைக்கும்போது வெறும் ‘உத்தம் சிங்’ என்று நிறுத்திவிடுவதால்தான்.

பேஸ்லைன்:

இனிஷியலே ஏமாற்றும் கேஸ் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தோன்றுவதில்லை. டென்னிஸ் ஆர். கிருஷ்ணன்.

அப்பா ராமநாதன் கிருஷ்ணன், மகன் ரமேஷ் கிருஷ்ணன். சுருக்கினால் இருவரும் ஆர். கிருஷ்ணன். சரி, சாதனையை வைத்துப் பிரிக்கலாம் என்று போனால் அதுவும் ஒன்றாகவே இருக்கிறது. விம்பிள்டன் ஜூனியர் சாம்பியனா? அப்பா 1954, மகன் 1979. டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போன இந்திய அணியா? அப்பா 1966இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, மகன் 1987இல் ஸ்வீடனுக்கு எதிராக. விம்பிள்டன் பெரியவர்கள் பிரிவுக்கு வந்தால்தான் வித்தியாசம் கிடைக்கிறது: அப்பா 1960, 1961 இரண்டு வருஷமும் அரையிறுதி, மகன் 1986இல் காலிறுதி. வருஷம் இல்லாமல் ‘ஆர். கிருஷ்ணன்’ என்று இருக்கும் குறிப்பை நான் எடுக்கவே மாட்டேன்.

இவர்களில் மூத்தவர் டி.கே. ராமநாதன், அதாவது ராமநாதன் கிருஷ்ணனின் அப்பா. அப்பா பெயர் முன்னால் வந்து நின்றதால் வெளிநாட்டு ஆவணத்தில் ராமநாதன் என்பது முதற்பெயராகவும் கிருஷ்ணன் குடும்பப் பெயராகவும் ஆனது. இந்தக் காலத்து ராம்குமார் ராமநாதன் விஷயத்தில் அப்பா பெயர் பின்னால் போய்விட்டது. இரண்டு ராமநாதனும் ஒரே குடும்பம் இல்லை.

நான்காவது ஸ்லிப்:

கிரிக்கெட்டில் நம் ஊர் ஆட்களுக்கு வருவோம். அஸ்வின்.

ரவிச்சந்திரன் அஸ்வின் ஆப் ஸ்பின், முருகன் அஸ்வின் லெக் ஸ்பின். இருவரும் தமிழ்நாடு, இருவரும் வலது கை. போதாக்குறைக்கு ஐபிஎல்லில் ஒரே அணியில் மூன்று தடவை இருந்தார்கள்: 2016 ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட்ஸ், 2019 கிங்ஸ் லெவன் பஞ்சாப், 2023 ராஜஸ்தான் ராயல்ஸ். இந்த மூன்று சீசனின் ஸ்கோர்கார்டில் ‘ஆர்’, ‘எம்’ என்ற ஓர் எழுத்துதான் வித்தியாசம். எழுத்து வடிவ வர்ணனையில் வெறும் ‘அஸ்வின்’ என்று இருந்தால் பந்தின் வகையைப் பாருங்கள். கூக்ளி (லெக் ஸ்பின்னர் எதிர்ப்பக்கம் திருப்பும் பந்து) என்றால் பெரும்பாலும் முருகன். 2019இல் கேப்டன் ஆர். அஸ்வின் என்பதால், ‘அஸ்வின் பந்தை அஸ்வினிடம் கொடுத்தார்’ என்ற வாக்கியம்கூட அந்த வருஷம் தப்பில்லை. இதோடு தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் அஸ்வின் கிரைஸ்ட் ஒருவரும் உண்டு.

இதே மாதிரி எல். சிவராமகிருஷ்ணன், வி. சிவராமகிருஷ்ணன். எல். என்றால் லெக் ஸ்பின்னர், 1984 பம்பாய் டெஸ்டில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தவர். வி. என்றால் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிய இடது கைத் தொடக்க ஆட்டக்காரர், இன்னொரு தமிழ்நாட்டு வீரரான வித்யுத்தின் அப்பா.

தமிழில் எழுதும்போது இன்னொரு தொல்லை. ஆங்கிலத்தில் ஓரெழுத்தாவது வேறுபடும் பெயர்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. முரளி கார்த்திக், தினேஷ் கார்த்திக் இருவருக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. தமிழில் இருவரும் கார்த்திக். நடிகர் ஷாருக் கான் ஆங்கிலத்தில் மூன்று சொல், தமிழ்நாட்டு கிரிக்கெட் வீரர் இரண்டு சொல். தமிழில் ஷாருக் கான், ஷாருக் கான். நடிகர் கொல்கத்தா அணியின் இணை உரிமையாளர். வீரரை 2021 ஏலத்தில் பஞ்சாப் 5.25 கோடிக்கு எடுத்தது. ஆக ‘ஐபிஎல் ஷாருக் கான்’ என்று தேடினாலும் இருவரும் வருவார்கள். வீரருக்கு எம். என்ற இனிஷியலை விடாமல் போடுவதுதான் ஒரே வழி. ‘தமிழக வீரர்’ என்ற அடைமொழி தலைப்பில் இருக்கும், உள்ளே மூன்றாவது பத்தியில் காணாமல் போய்விடும்.

ஏலம் பார்ப்பவர்:

ஏலம் என்றதும் சஷாங்க் சிங் வந்தாக வேண்டும். பெயர்க் குழப்பம் நேரடி ஒளிபரப்பிலேயே நடந்த கேஸ்.

2023 டிசம்பர் 19, துபாய். கடைசிக் கட்டத்தில் ஏலம் வேகமெடுக்கும்: அணிகள் கேட்ட பெயர்கள் மட்டும் வரிசையாக வரும், அடிப்படை விலை 20 லட்சத்தில் இருக்கும் ஆட்களுக்குச் சில நொடிதான். சஷாங்க் சிங் பெயர் வந்தது, பஞ்சாப் பலகையைத் தூக்கியது, போட்டிக்கு யாரும் இல்லை, சுத்தியல் விழுந்தது. அதற்குப் பிறகுதான் பஞ்சாப் மேசையில் சலசலப்பு, ‘நாங்கள் நினைத்த ஆள் இவர் இல்லை’ என்கிற தோரணையில். ஏலம் நடத்திய மல்லிகா சாகர், சுத்தியல் விழுந்துவிட்டது என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விட்டார். விதி அதுதான், அடித்த பிறகு திரும்ப எடுக்க முடியாது.

ஏன் நடந்தது? பட்டியலில் இரண்டு சஷாங்க் சிங். ஒருவர் சத்தீஸ்கருக்கு ஆடும் 32 வயது ஆல்ரவுண்டர், மற்றவர் 19 வயதுப் பையன். ஏலப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் வரிசை எண் உண்டு, வயதும் மாநிலமும்கூட எதிரே இருக்கும். ஆனால் காதில் விழுவது பெயர்தான், கை தூக்குவதும் அதைக் கேட்டுத்தான். பஞ்சாப் பிறகு வெளியிட்ட விளக்கத்தில், ஒரே பெயரில் இருவர் இருந்ததால் வந்த குழப்பம், சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறோம் என்றது. அதை நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் இஷ்டம். ஒளிபரப்பைப் பார்த்தவர்களுக்கு நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

2024 ஏப்ரல் 4, ஆமதாபாத். குஜராத்துக்கு எதிராக 200 ரன் இலக்கு. இந்த ‘தப்பான’ சஷாங்க் 29 பந்தில் 61 நாட் அவுட், பஞ்சாப் ஒரு பந்து மிச்சம் வைத்து ஜெயித்தது. அந்த சீசனில் 354 ரன். அடுத்த வருஷத்துக்கு 5.5 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த 19 வயது சஷாங்கைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவே இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

காலிமுகத்திடல்:

இனிஷியல் நீளமாக இருந்தால் பிழை வராது என்று இந்தியாவில் உள்ளவர்கள் நினைப்பார்கள். எங்கட பக்கம் வந்து பாருங்கோ. குசல் பெரேரா எம்.டி.கே.ஜே. பெரேரா. தில்ருவன் பெரேரா எம்.டி.கே. பெரேரா. இருவரும் ஒரே காலத்தில் இலங்கைக்கு ஆடியவர்கள். கடைசி ‘ஜே’ விழுந்துபோனால் இடது கை விக்கெட் கீப்பரின் ஓட்டங்கள் ஆப் ஸ்பின்னர் கணக்கில் ஏறும். அட்டவணையில் பெயருக்கான கட்டம் சிறிதாக இருந்தால் வெட்டுப்படுவதும் அந்தக் கடைசிப் பகுதிதான். திசர பெரேராவுக்குப் பிரச்சினை இல்லை, அவர் என்.எல்.டி.சி.

64 கட்டம்:

செஸ்ஸில் இதற்கு உருப்படியான தீர்வு இருக்கிறது: உலகச் செஸ் கூட்டமைப்பு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தரும் ஃபிடே எண். ஆனந்துக்கு 5000017. பெயரின் எழுத்து மாறினாலும் எண் மாறாது. இருந்தும் தப்பு நடக்கிறது, ஏனென்றால் ஆட்டங்களைச் சேமிக்கும் பிஜிஎன் கோப்பில் வெள்ளை, கருப்பு என்ற இடங்களில் பெயர்தான் இருக்கும். ஃபிடே எண்ணுக்குத் தனிக் குறிச்சொல், பல கோப்புகளில் அது இருக்காது.

தமிழ்நாட்டில் முரளி கார்த்திகேயன், பி. கார்த்திகேயன் இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். வெறும் ‘கார்த்திகேயன்’ என்று தேடித் தொகுத்தால் இருவர் ஆட்டமும் ஒரே ஆள் மேல் விழும். தலைகீழாகவும் நடக்கும்: ஓரிடத்தில் ‘கார்த்திகேயன், எம்’, இன்னோர் இடத்தில் ‘முரளி, கே’ என்று இருந்தால் ஒரே ஆள் இருவராகிவிடுவார். 2023 கத்தார் மாஸ்டர்ஸில் கருப்புக் காய்களோடு கார்ல்சனை வென்றது முரளி கார்த்திகேயன். எண் இல்லாத கோப்பில் ரேட்டிங்கையும் தேதியையும் அந்த மாத ஃபிடே பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேருங்கள்.

கார்த்திகேயன் என்றால் ஃபார்முலா ஒன் நரேன் கார்த்திகேயன்தான் நினைவுக்கு வருகிறார் என்பவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது ஸ்லிப்:

ஸ்டீவ் ஸ்மித்தை விட்டுவிட்டோம். ஆஸ்திரேலியாவிலேயே இருவர். எஸ்.பி.டி. ஸ்மித் இப்போதையவர். எஸ்.பி. ஸ்மித் எண்பதுகளின் தொடக்க ஆட்டக்காரர், 3 டெஸ்ட், 28 ஒருநாள். தமிழில் எழுதினால் இங்கேயும் ஓர் எழுத்துதான். அமெரிக்கக் கால்பந்திலும் ஸ்டீவ் ஸ்மித் இருவர், இருவரும் வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்), ஒரே காலம். அங்கே ஜெர்சி எண்ணையும் அணியையும் பார்க்காமல் ஒன்றும் நடக்காது.

வாக்குச்சாவடி:

பொது வாழ்க்கையில் இருப்பவர்களுக்கு இது தற்செயலாக மட்டும் வருவதில்லை, ஏற்பாடு செய்தும் வரும். 2024 மக்களவைத் தேர்தல், ராமநாதபுரம். முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சை, பலாப்பழம் சின்னம். அதே தொகுதியில் இன்னும் ஐந்து ஓ. பன்னீர்செல்வம். இனிஷியல்கூட ஒன்று.

தேர்தல் நடத்தை விதிகளின்படி, ஒரே பெயரில் இருவர் நின்றால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்த வேண்டும். 2015 மே முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் படமும் வருகிறது. பெயர்க் குழப்பத்தைத் தவிர்க்கவே கொண்டுவந்தது. ஆனால் சுயேச்சைக்குச் சின்னம் கடைசி நேரத்தில்தான் கிடைக்கும், அதை மக்களிடம் கொண்டுசேர்க்க இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். கட்சிச் சின்னம் உள்ளவருக்கு இந்தத் தொல்லை பாதிதான். ராமநாதபுரத்தில் நவாஸ்கனி ஒன்றரை லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றதால் பெயர்க்காரர்கள் முடிவை மாற்றவில்லை.

மாற்றியதாகச் சொல்லப்படுவது 2004 மக்களவைத் தேர்தல், கேரளத்தின் ஆலப்புழை. காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். வி.எஸ். சுதீரன் என்ற சுயேச்சை வாங்கியது 8,000-க்கும் மேல். அத்தனையும் தவறிப் போன ஓட்டு என்று நிரூபிக்க வழியில்லை, எட்டில் ஒன்று தவறியிருந்தாலே போதும். இதைத் தடுக்கச் சொல்லி 2024 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனுவை ஏற்கவில்லை. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரை நிற்கக்கூடாது என்று சொல்ல முடியுமா என்பது நீதிபதிகளின் கேள்வி.

பழைய ஸ்கோர்புக்:

மில்காவுக்கு ஒரு சேர்க்கை. ஜீவ் மில்கா சிங் கோல்ப் வீரர், ஓட்டக்காரரின் மகன். ‘மில்கா சிங் கோல்ப்’ என்று வரும் முடிவுகள் அவருடையவை. 1989இல் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கு 302 நாட் அவுட் அடித்த அர்ஜன் கிருபால் சிங் மட்டும் சென்னைக் குடும்பம், ஏ.ஜி. கிருபாலின் மகன். அடுத்து முகமது வாசிம் யாராவது எழுதுங்கள். பாகிஸ்தானில் இரண்டு, அமீரக அணியில் ஒன்று.