ஒன்ராறியோவில் வீட்டிலேயே பிள்ளைப் பராமரிப்பு: உரிமம் எப்போது தேவை?

மல்லிகை:
வணக்கம். ஸ்காபரோவில் வசிக்கும் நான், அயலிலுள்ள தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் என் வீட்டிலேயே பராமரிக்க எண்ணியுள்ளேன். ஐந்து பிள்ளைகள் வரை உரிமம் தேவையில்லை என்கிறார்கள். எனக்கு மூன்று வயது மகளும் ஏழு வயது மகனும் உள்ளனர். அவர்களும் கணக்கில் வருவார்களா? மாமியும் உதவுவார் என்பதால் பத்துப் பிள்ளைகளைச் சேர்க்க முடியுமா?

குமரன்:
பத்துப் பேரைச் சேர்க்கவே முடியாது, சகோதரி. ஒன்ராறியோவின் 2014ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உரிமமற்ற இடத்தில் 13 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளே இருக்கலாம். அவர்களுள் இரண்டு வயது நிரம்பாதோர் மூவருக்கு மேற்படக் கூடாது. ஒரே வீட்டில் இருவர் பராமரித்தாலும் வரம்பு ஐந்துதான். நான்கு வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையும் எண்ணப்படுவதால், இப்போதைக்கு வெளியிலிருந்து நால்வரையே சேர்க்கலாம், மகன் எண்ணப்படமாட்டார். உங்களிடம் உரிமம் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் அறிவிப்பதும் கட்டாயம். வரம்பை மீறி நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால், அபராதம் 250,000 டொலர் வரை போகலாம்.

வானதி:
நான் உரிமம் பெற்ற முகவரகம் ஒன்றின்கீழ் என் வீட்டில் பிள்ளைகளைப் பராமரிக்கிறேன். ஒன்ராறியோவில் வீட்டுப் பராமரிப்புக்கான உரிமம் முகவரகத்துக்கே வழங்கப்படுகிறது. நாம் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொள்கிறோம். அப்போது வரம்பு ஆறாக உயரும். உங்கள் மகளையும் சேர்த்து எண்ணினால் வெளிப்பிள்ளைகள் ஐவர். முகவரகத்தின் வருகையாளர் குறைந்தது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை முன்னறிவிப்பின்றி வந்து, உறங்கும் இடம் முதல் மருந்துப் பெட்டி வரை பார்வையிடுவார். வீட்டில் வசிக்கும் வயது வந்தோர் அனைவருக்கும், உங்கள் மாமி உட்பட, பொலிஸ் பின்னணிச் சோதனை வேண்டும். கீழ்த்தளத்தில் உறவினர் வந்து தங்கும் நம் குடும்பங்களில் பலர் இதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். ஆனால் பேச்சு வராத குழந்தை தனக்கு நேர்ந்ததைச் சொல்லாது. ஆகவே இந்தச் சோதனை முற்றிலும் நியாயமானதென்றே கருதுகிறேன்.

ஓர் அம்மா:
பெற்றோரின் பக்கத்திலிருந்தும் ஒன்றைக் கூற வேண்டும். உரிமம் பெற்ற முகவரகம் கூட்டரசின் கட்டணக் குறைப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான நாளாந்த அடிப்படைக் கட்டணம் 2025 ஜனவரி முதல் 22 டொலருக்கு மேற்படாது. உரிமமற்ற வீடுகளுக்கு அச்சலுகை கிடையாது. எனவே ஒப்பந்தம் செய்யுமுன், அந்த முகவரகம் திட்டத்தில் சேர்ந்துள்ளதா என்று கேளுங்கள்.