பார்க்கின்சன் வந்த அம்மாவை நடக்க வைப்பதா, படுக்க வைப்பதா?

மருதாணி:
அம்மாவுக்கு 74 வயது. பார்க்கின்சன் (நடுக்குவாத நோய்) வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நடுக்கம் மாத்திரையில் ஓரளவு அடங்கியிருக்கிறது. ஆனால் கடந்த ஓராண்டில் எடை 51 கிலோவிலிருந்து 45க்கு இறங்கிவிட்டது. நாற்பது ஆண்டுகளாகக் கழற்றாத வளையல் தானாக நழுவி விழுகிறது. உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறோம். போன மாதம் குளியலறை வாசலில் விழுந்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. அன்றிலிருந்து அண்ணன் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை. நோய் முற்றிவிட்டது, இனி ஓய்வுதான் மருந்து என்கிறார். மருத்துவரும் இது நோயின் போக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கரிசல்மண்:
சகோதரி, உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. என் அப்பாவுக்கும் இதே நோய். "நடந்தால்தான் தெம்பு வரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விடியற்காலையில் அவரை எழுப்பி நடக்க வைத்தவன் நான். மூன்றாவது எட்டில் அப்படியே சரிந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்தான் இருந்தார். அந்தக் காலைப்பொழுது இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அம்மாவை நிம்மதியாக இருக்க விடுங்கள்.

கைத்தாங்கல்:
கரிசல்மண் ஐயா, உங்கள் இழப்புக்கு என்ன ஆறுதல் சொன்னாலும் போதாது. ஆனாலும் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. நான் இயன்முறை மருத்துவர். இருபது ஆண்டுகளாக வீடுகளுக்குச் சென்று முதியவர்களைப் பார்க்கிறேன்.

நோய் வேறு, உடல் நலிவு வேறு. இரண்டும் சேர்ந்து வருவதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். 2001-ல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழுவினர் நலிவுக்கு ஐந்து அடையாளங்கள் வகுத்தார்கள்: தானாக எடை குறைதல், அயர்ச்சி, கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், நடமாட்டம் குறைதல். மூன்று இருந்தால் நலிவு.

கட்டில் ஓய்வு தருகிறது என்கிறோம். அது தசையைத் தின்கிறது. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. நல்ல உடம்புக்கே அந்தக் கதி என்றால், 45 கிலோ அம்மாவுக்கு ஒரு மாதம் என்ன செய்திருக்கும்?

கரிசல்மண்:
அந்த ஐந்தையும் மறுபடி படியுங்கள். நடை தளர்வது பார்க்கின்சன். கை வலுவிழப்பது பார்க்கின்சன். அயர்ச்சியும் அதுதான். நடமாட்டம் குறைவது அதன் விளைவு. ஒரே நோய்க்கு இன்னொரு பெயர் சூட்டி, அதைத் தனியாகக் குணப்படுத்தலாம் என்று குடும்பங்களுக்கு ஆசை காட்டுகிறீர்கள். பலன் கிடைக்காதபோது "நாங்கள் சரியாகச் செய்யவில்லையோ" என்று பிள்ளைகள்தான் குமைகிறார்கள்.

கைத்தாங்கல்:
கேட்பது நியாயம். நான்கு அடையாளங்கள் நோயோடு பின்னிக் கிடப்பது உண்மை. அவற்றை மட்டும் வைத்துப் பார்க்கின்சன் நோயாளியை அளப்பதில் குழப்பம் இருக்கிறது. ஆனால் ஓராண்டில் ஆறு கிலோவை நோயின் கணக்கில் எழுதிவிட்டு எழுந்து போக என்னால் முடியாது.

இன்னொன்று. கனடாவின் முதியோர் மருத்துவர் ராக்வுட் முதலானோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இறந்த 456 பேரின் மூளைகளை, அவர்கள் உயிரோடு இருந்தபோது எவ்வளவு நலிந்திருந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். மூளையில் அல்சைமர் என்னும் மறதி நோய்க்கான படிவுகள் நிறைய இருந்தும் சிலருக்கு மறதி நோய் வெளிப்படவில்லை. அவர்கள் பெரும்பாலும் உடல் அவ்வளவாக நலியாதவர்கள். படிவு குறைவாக இருந்தும் நலிந்தவர்களில் சிலருக்கு மறதி நோய் வந்திருந்தது. மூளை நோயை உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்பதும் கணக்கில் சேரும்.

மருதாணி, அம்மா என்ன சாப்பிடுகிறார்?

கரிசல்மண்:
அந்த மூளை ஆய்வு தொடர்பைக் காட்டுகிறது. காரணம் இதுதான் என்று நிறுவவில்லை. மூளை கெட்டதால் உடல் நலிந்திருக்கலாம் அல்லவா?

மருதாணி:
காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு கஞ்சி. மாத்திரைக்குப் பால், பருப்பு, முட்டை ஆகாது என்று சொன்னார்கள். அதனால் நிறுத்திவிட்டோம். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான்.

கைத்தாங்கல்:
இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். பல வீடுகளில் பார்த்துவிட்டேன். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரையும் புரதமும் குடலில் ஒரே வழியில் உறிஞ்சப்படுகின்றன. சேர்ந்து போனால் போட்டி. ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மாத்திரையைக் கொடுக்கச் சொல்கிறோம். சிலருக்குப் புரதத்தைப் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளச் சொல்கிறோம். சொன்னது நேரத்தைப் பற்றி. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது "புரதமே ஆகாது" என்று ஆகிவிடுகிறது. முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. உங்கள் அம்மாவுக்கு 45 முதல் 54 கிராம். இட்லியும் ரசமும் கஞ்சியும் அதில் பாதியைக்கூடத் தொடாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கரிசல்மண்:
சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எனக்கும் அன்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடையைப் பற்றி நீங்கள் நம்பும் ஆய்வுகளையும் நான் படித்திருக்கிறேன். அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரை 1,635 பேரை வைத்துச் செய்து 2014-ல் வெளியிட்டதுதான் பெரியது. பயிற்சி செய்தவர்களுக்கு நடை இழப்பு குறைந்தது, சரி. ஆனால் 400 மீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் யார் துணையுமின்றி நடக்கக் கூடியவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். என் அப்பாவால் கூடத்தைக் கடக்க முடியவில்லை. அவர்களுக்குப் பலித்ததை இவர்கள் தலையில் எப்படிக் கட்டுவீர்கள்?

நெய்தல்:
அம்மா மறதி நோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு செலுத்தச் சொன்னார்கள். மறுத்தேன். உறவினர்கள் பட்டினி போடுகிறாள் என்றார்கள். முற்றிய மறதி நோயில் குழாயைப் பரிந்துரைப்பதில்லை, பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே 2014-ல் சொல்லியிருக்கிறது. அதைப் பிறகுதான் படித்தேன். ஒரு கிண்ணம் குழைந்த சாதம் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டுவார். எடை கூடவில்லை. கூட்ட வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. அந்தக் கட்டத்துக்குக் கரிசல்மண் சொல்வது பொருந்தும். மருதாணியின் அம்மா அந்தக் கட்டத்தில் இல்லை.

கைத்தாங்கல்:
நெய்தல் அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஐயாவின் கேள்வியும் சரி. 400 மீட்டர்க்காரர்களின் பயிற்சியை நான் கேட்கவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றி எழுந்து உட்காருவது, ஐந்து முறை. அதுதான் தொடக்கம்.

அதற்கும் முன்னால் ஒன்று. படுத்த நிலையில் இரத்த அழுத்தம் பாருங்கள்; நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் எழுந்ததும் தலைசுற்றிச் சரிய வாய்ப்பு அதிகம். பார்க்கின்சனில் இது சாதாரணம், மாத்திரையும் கூட்டும். அழுத்தம் இறங்கினால் மருத்துவரிடம் சொல்லாமல் நடையைத் தொடங்க வேண்டாம். பயிற்சிக்கு ஆள் வைக்க வசதியில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

கரிசல்மண்:
என் அப்பாவுக்கு நிற்க வைத்து யாரும் அழுத்தம் பார்க்கவில்லை. மூன்றாவது எட்டில் சரிந்தார் என்று எழுதினேன் அல்லவா, இப்போது அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் என் கருத்து முழுவதும் மாறவில்லை. நீங்கள், நான், அண்ணன் எல்லாரும் பேசிவிட்டோம். அந்த அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா?

மருதாணி:
இன்று மாலை கேட்டேன். பதில் சொல்ல வெகு நேரம் எடுத்தார், குரலும் தாழ்ந்துவிட்டது. "கழிப்பறைக்கு மட்டும் நானே போய்வந்தால் போதும்" என்றார். கட்டிலிலிருந்து பதினோரு எட்டு, அளந்து பார்த்தேன். அண்ணன் எதுவும் பேசவில்லை. நாளை காலை அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.